வண்டியும் முகமும்

நுழையும்முன்

ஒளிப்படம் கண்முன் இருப்பதை அப்படியே காட்டும் கண்ணாடி என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும், எதனருகே நிற்பது, எதன்மீது கை வைப்பது, எந்தப் பெயரால் அறியப்படுவது என்பனவற்றை முடிவு செய்தவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், அதே படம் வேறொன்றைச் சொல்லத் தொடங்கும். மாலி, அமெரிக்கா, மொராக்கோ ஆகிய மூன்று நாடுகளில் மனிதர்களையும் அவர்தம் வண்டிகளையும் பற்றி உருவான படங்களின்வழி அக்கேள்விக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

புதிதாக மிதிவண்டி வாங்கியவர் அதைத் துடைத்து நிறுத்தி, அருகில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார். சரக்குந்து ஓட்டுநர் தம் வண்டியின் முகப்பில் சாய்ந்து நிற்கிறார். தாத்தாவின் பழைய மகிழுந்தருகே குடும்பமே அணிவகுக்கிறது. இக்காட்சி எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதன்று. வண்டி எங்கெல்லாம் சென்றதோ, படக்கருவி எங்கெல்லாம் சென்றதோ, அங்கெல்லாம் இவ்விரண்டும் சந்தித்துள்ளன.

இச்சந்திப்பில் ஒரு முரண் உண்டு. வண்டி ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. உருவப்படமோ அசையாமல் நிற்கக் கேட்பது. ஓடவேண்டிய ஒன்றை நிறுத்தி, அதனருகே தாமும் நின்று, “இதைக்கொண்டு நான் போகக்கூடியவன்” என்று மனிதர் அறிவிக்கின்றனர். முகம் அவர் யார் என்பதைச் சொல்கிறது. வண்டி அவரது எட்டும் தொலைவைச் சொல்கிறது. உழைப்பு, ஊதியம், விருப்பம், பெருமிதம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பொருளில் வந்து தங்குகின்றன.

திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் அட்டையில் வரையப்பட்ட மகிழுந்தின் பின்னே அமர்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த மகிழுந்து அவர்களுடையதன்று. அது மகிழுந்தே அன்று. அப்படியாயின் அப்படம் பொய்யா? இவ்வினாவுக்கு விடை காண, மேற்கு ஆப்பிரிக்க நகரம் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

பமாகோவில் ஒரு முற்றம்

மாலி நாட்டின் தலைநகர் பமாகோ. 1960-இல் விடுதலை பெறும்வரை அந்நாடு பிரெஞ்சு ஆட்சியின்கீழ், பெரும்பாலும் பிரெஞ்சு சூடான் என்னும் பெயரில் இருந்தது. அந்நகரில் தச்சுவேலை பழகி வளர்ந்தவர் செய்து கெய்த்தா. 1935-இல் செனகல் சென்று திரும்பிய அவருடைய சிற்றப்பா, கோடக் நிறுவனத்தின் சிறிய படக்கருவி ஒன்றை அவருக்குத் தந்தார். அதில் படம் எடுக்கப் பழகிய கெய்த்தா, 1948-இல் தமக்கென ஓர் ஒளிப்பட நிலையத்தைத் தொடங்கினார்.

பெரும்பாலும் இயற்கை ஒளியிலேயே அவர் படம் எடுத்தார். முக்காலியில் நிறுத்தப்பட்ட பெரிய படக்கருவியும், 13×18 சென்டிமீட்டர் அளவுள்ள படத்தகடும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தகட்டின் விலை மிகுதி என்பதால் ஒருவரைப் பொதுவாக ஒருமுறைதான் எடுப்பார். அந்த ஒரு முறையில் எல்லாம் சரியாக அமையவேண்டும். ஆகவே தலையின் சாய்வு, விரல்களின் இடம், ஆடையின் மடிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்தார். முதலில் பின்திரையாகப் பயன்பட்டது அவருடைய படுக்கை விரிப்பே. பின்னர்ச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றினார். எந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதை அத்திரைகளைக்கொண்டே பிற்காலத்தில் அவரால் கணிக்க முடிந்தது.

வந்தவர்கள் அணிந்து பார்ப்பதற்கென மேனாட்டு உடைகளை அவர் வைத்திருந்தார். கைக்கடிகாரம், எழுதுகோல், வானொலிப் பெட்டி, தொலைபேசி ஆகியவையும் அங்கு இருந்தன. அவற்றோடு ஒரு ஸ்கூட்டரும், பிற்பாடு அவருடைய மகிழுந்தும் சேர்ந்துகொண்டன. முன்பு எடுத்த படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார். வந்தவர் அவற்றைப் பார்த்து, “எனக்கும் இதைப்போல” என்று காட்டலாம். இரு பெண்கள் தம் நேர்த்தியான ஆடையோடு ஸ்கூட்டரில் அமர்ந்திருக்கும் படமும், மகிழுந்தையொட்டிக் குடும்பத்தினர் நிற்கும் படமும் அவருடைய புகழ்பெற்ற ஆக்கங்களுள் அடங்கும்.

இரவல் வண்டி பொய்யாகுமா?

அந்த ஸ்கூட்டர் அப்பெண்களுடையதாக இருந்திருக்க வேண்டியதில்லை. கெய்த்தாவின் மகிழுந்தருகே நின்றவர் பலர் மகிழுந்து வைத்திருந்தவரல்லர். உடைமைப் பதிவேடாகக் கொண்டால் அப்படங்கள் பிழையானவை. ஆனால், உருவப்படம் உடைமைப் பதிவேடு அன்று. திருமணத்தில் இரவல் நகை அணிந்த பெண்ணைப் பொய்யானவள் என்று யாரும் சொல்வதில்லை. தன் வாழ்வின் சிறந்த நாளில் தான் எப்படித் தோன்றவேண்டும் என்று அவள் விரும்பினாளோ, அப்படித் தோன்றினாள். அந்த விருப்பம் உண்மையானது.

இதன் பொருளை முழுமையாக உணர, அக்காலத்தில் எடுக்கப்பட்ட வேறுவகைப் படங்களோடு இவற்றை ஒப்பிடவேண்டும். குடியேற்ற ஆட்சியாளர்கள் மக்களை அடையாளம் காணவும் வகைப்படுத்தவும் படம் எடுத்தனர். நேராக நிறுத்தி, முகத்தை மட்டும் பதிவு செய்து, எண்ணிட்டு அடுக்கினர். பயணிகளும் ஆய்வாளரும் எடுத்த படங்களில் ஆப்பிரிக்கர் பெரும்பாலும் “இன்ன இனத்தவர்” என்னும் குறிப்புக்கு எடுத்துக்காட்டாக நின்றனர். அத்தகைய படங்களில் இருப்பவர் பார்க்கப்படுகிறார். கெய்த்தாவின் படங்களில் இருப்பவர் தம்மைக் காட்டிக்கொள்கிறார். இரவல் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பற்றிய அந்தக் கைகள், வகைப்படுத்தும் கண்ணிடமிருந்து தம் உருவத்தைத் திரும்பப் பெற்றன. அப்படங்களுக்காகப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களும் அவர்களே.

விடுதலைக்குப்பின் வந்த மோட்டார் சைக்கிள்

கெய்த்தாவுக்கு அடுத்த தலைமுறையில் அதே நகரில் புகழ்பெற்றவர் மாலிக் சிடிபே. சோலோபா என்னும் சிற்றூரில், கால்நடை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். பமாகோவில் கைவினைக் கல்வி கற்றவர். விடுதலை பெற்ற நாட்டின் இளைஞர்கள் இரவில் கூடி ஆடிய விருந்துகளுக்கு மிதிவண்டியிலேயே சென்று படம் எடுத்தார். ஒரே இரவில் பல விருந்துகளுக்குச் செல்வதும் உண்டு. சிறு படிகளை அட்டைகளில் ஒட்டித் தம் நிலையத்தில் காட்சிக்கு வைப்பார். இளைஞர்கள் வந்து தத்தம் முகத்தைத் தேடி எடுத்துச் செல்வர்.

அவருடைய சிறிய நிலையத்துக்குள் சிலர் மோட்டார் சைக்கிளோடு வந்தனர். கோடிட்ட திரைக்கு முன்னே, ஓடமுடியாத ஓர் அறைக்குள், ஓட்டுவதுபோல் அமர்ந்து படக்கருவியைப் பார்த்தனர். கெய்த்தாவின் காலத்தில் நிலையம் வண்டியை வந்தவருக்கு இரவலாகத் தந்தது. சிடிபேயின் காலத்திலோ வந்தவர் தம் வண்டியை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் அது. 2007-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது சிடிபேக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்படக் கலைஞரும், முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

தெரிந்து தெளிவோம்

1991-இல் நியூயார்க்கில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் பமாகோவின் உருவப்படங்கள் சில இடம்பெற்றன. அவற்றின் கீழே “ஒளிப்படக் கலைஞர் பெயர் தெரியவில்லை” என்று எழுதப்பட்டிருந்தது. அப்படங்களை எடுத்தவரைத் தேடி ஆந்த்ரே மான்யென் என்னும் பிரெஞ்சுக் கலை வல்லுநர் பமாகோ சென்றார். அவ்வாறு கண்டறியப்பட்டவர் கெய்த்தா. 1994-இல் பாரிசில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பமாகோவில் பலரும் அறிந்திருந்த பெயர், உலகம் அறிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

படத்தில் இல்லாத மகிழுந்து

எடுத்தவரின் பெயர் தெரியாமற்போவது ஓர் இழப்பு. எடுக்கப்பட்டவரின் பெயரைக் கேளாமற்போவது அதனினும் பெரிய இழப்பு. அதற்குச் சான்று, 1936 மார்ச் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம்.

பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் சேர்ந்து உழவர் குடும்பங்களை மேற்கு நோக்கித் துரத்திய காலம் அது. பாய், பானை, மெத்தை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு பழைய மகிழுந்துகள் நெடுஞ்சாலைகளில் ஊர்ந்தன. அக்குடும்பங்களுக்கு மகிழுந்து ஆடம்பரமன்று. அதுவே வீடு, அதுவே வேலை தேடும் கால். அவர்களின் நிலையை அரசு நிறுவனம் ஒன்றுக்காகப் படமெடுத்தவர் டொரோத்தியா லாங். ஒரு மாத வேலையை முடித்துத் தம் மகிழுந்தில் வீடு திரும்பியபோது, நிப்போமோ என்னும் இடத்தில் பட்டாணி பறிப்போர் முகாமுக்கான அறிவிப்புப் பலகையைக் கண்டார். கடந்து சென்றார்; மனம் கேளாமல் ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலிருந்து திரும்பி வந்தார். அங்கே கூடாரத்தில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயைப் படம் எடுத்தார். “புலம்பெயர் தாய்” என்று உலகம் அறிந்த படம் அது. செய்தித்தாளில் அம்முகாமின் நிலை வெளியானதும் அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அக்குடும்பம் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது.

அந்தத் தாயின் பெயரை லாங் கேட்கவில்லை. 1960-இல் ஓர் இதழில் அந்நிகழ்வை நினைவுகூர்ந்தபோது, உணவு வாங்குவதற்காக அவர் தம் மகிழுந்தின் சக்கர உறைகளை அப்போதுதான் விற்றிருந்தார் என்று எழுதினார். படத்தில் மகிழுந்து இல்லை. ஆனால் படத்தோடு சேர்ந்து உலவிய கதையில் சக்கரமிழந்த ஒரு மகிழுந்து நின்றது. வறுமைக்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் வேண்டுமா?

1978-இல் அப்பெண் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். குடும்பத்தினர் சொன்ன செய்தி வேறாக இருந்தது. வேலை தேடிச் சென்ற வழியில் அவர்களின் ஹட்சன் மகிழுந்து பழுதடைந்தது. பழுது பார்ப்பதற்குரிய பகுதியோடு ஆண்கள் நகருக்குச் சென்றிருந்தனர். அந்த இடைவேளையில் எடுக்கப்பட்டதே அப்படம். விற்பதற்கு வேறு சக்கர உறைகள் அவர்களிடம் இல்லை. இருந்தவை அந்த மகிழுந்தில் பூட்டியிருந்தவை மட்டுமே. அவற்றிலேதான் அவர்கள் அங்கிருந்து கிளம்பிச் சென்றனர். லாங் வேறொரு குடும்பத்தின் செய்தியை இதனோடு கலந்து நினைவில் வைத்திருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

இந்த வேறுபாடு சிறிதன்று. சக்கரங்களை விற்றுவிட்டவர் இனிச் செல்ல வழியற்றவர். பழுது நீங்கக் காத்திருப்பவர் மேலும் செல்லவிருப்பவர். முதற்கதையில் அத்தாய் முடிவில் நிற்கிறார். இரண்டாம் கதையில் வழியில் நிற்கிறார். லாங்கின் இரக்கம் உண்மையானது. அரசுக்காக எடுக்கப்பட்டதால் அப்படத்தின் விற்பனையால் அவருக்கும் வருவாய் இல்லை. எனினும், தம் பெயரைக்கூடக் கேட்காத ஒரு படம் தம்மை வறுமையின் உருவமாக நிலைநிறுத்திவிட்டது என்னும் வருத்தம் தாம்சனுக்கு இருந்தது. நல்ல நோக்கம் மட்டும் ஒருவரைப் பற்றிய உண்மையைத் தந்துவிடாது என்பதற்கு அவ்வருத்தமே சான்று.

மராகேஷின் மகளிர்

பிறர் பார்வை தீட்டிய உருவத்துக்கு மறுமொழி கூற முற்பட்டவர்களுள் ஒருவர் ஹசன் ஹஜ்ஜாஜ். 1961-இல் மொராக்கோவில் பிறந்து, இளமையிலேயே லண்டன் சென்றவர். மொராக்கோவின் மராகேஷ் நகரில் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கான ஆடை விளம்பரப் படப்பிடிப்பை அவர் ஒருமுறை கண்டார். ஆடையும் வெளிநாட்டினுடையது, அணிந்தவரும் எடுத்தவரும் வெளிநாட்டினர். மராகேஷ் நகரம் வெறும் பின்திரையாக நின்றது. தம் மக்களே படத்தின் நடுவில் நிற்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அதிலிருந்து வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தின் விளைவுகளுள் ஒன்று “கேஷ் ஏஞ்சல்ஸ்” என்னும் படத்தொகுதி. 2014-இல் அது நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நீண்ட அங்கியும் முகத்திரையும் குளிர்கண்ணாடியும் அணிந்த பெண்கள் மோட்டார் சைக்கிள்களில் அமர்ந்து, தயக்கமின்றி நம்மைப் பார்க்கின்றனர். ஆடைகளிலோ புகழ்பெற்ற நிறுவனங்களின் முத்திரைகளும் பளிச்சிடும் கோலங்களும் நிறைந்துள்ளன. படத்தைச் சுற்றிய சட்டத்தில் குளிர்பானக் குவளைகளும் உணவு டப்பாக்களும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.

முகத்திரையும் மோட்டார் சைக்கிளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடும். மராகேஷில் வாழ்பவருக்கு அதில் வியப்பில்லை; அந்நகரப் பெண்கள் பணிக்கும் கடைத்தெருவுக்கும் இருசக்கர வண்டியிலேயே செல்கின்றனர். படத்தைக் கண்டு ஒருவர் வியப்படைந்தால், அவ்வியப்பு அப்பெண்களைப் பற்றிச் சொல்வதைவிடப் பார்ப்பவரைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. இங்கும் எல்லாம் இயல்பாக நிகழ்ந்ததன்று. ஆடைகளை வடிவமைத்தவரும் காட்சியை அமைத்தவரும் கலைஞரே. ஆயினும், அந்நகரில் வண்டி ஓட்டுவது அப்பெண்களின் வாழ்க்கை. நம்மை எதிர்கொள்ளும் பார்வை அவர்களுடையது.

படத்தை வாசித்தல்

மூன்று நாடுகளின் படங்களும் நமக்கு ஒரு வாசிப்பு முறையைக் கற்பிக்கின்றன. வண்டியோடு ஒருவர் நிற்கும் படத்தைக் காணும்போது மூன்றைக் கவனிக்கலாம்.

முதலாவது, கை. அது வண்டியின்மீது எப்படி இருக்கிறது? உரிமையோடு பற்றியிருக்கிறதா, தயக்கத்தோடு தொடுகிறதா, சுமையின் எடையால் இறுகியிருக்கிறதா? வண்டிக்கும் மனிதருக்கும் உள்ள உறவை முகத்தைவிடக் கை தெளிவாகச் சொல்லும்.

இரண்டாவது, கண். படம் எடுப்பதை அவர் அறிந்திருக்கிறாரா? அறிந்து நேரே பார்க்கும் கண், தானும் இப்படத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டதாகக் கூறுகிறது. அறியாமல் எடுக்கப்பட்ட படங்களிலும் சிறந்தவை உண்டு. ஆனால் அங்கே எடுத்தவரின் பொறுப்பு கூடுகிறது.

மூன்றாவது, படக்குறிப்பு. படத்தின் கீழுள்ள ஒரு வரி, படத்தில் இல்லாத மகிழுந்தைக்கூட நம் மனத்தில் நிறுத்திவிடும் என்பதைக் கலிபோர்னியாவில் கண்டோம். அந்த வரியை எழுதியவர் யார்? படத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதினாரா? அவர் பெயர் அதில் உள்ளதா?

இரவல் வண்டியருகே நின்ற பமாகோவின் பெண்களைப் பற்றிய படம் மெய்யாகவும், உண்மையான துயரத்தில் இருந்த தாயைப் பற்றிய கதை பிழையாகவும் அமைந்ததன் காரணம் இப்போது விளங்கும். பொருள் சொந்தமா இரவலா என்பது படத்தின் உண்மையைத் தீர்மானிப்பதில்லை. படத்தில் இருப்பவருக்குத் தம்மைப் பற்றிச் சொல்ல இடம் இருந்ததா என்பதே தீர்மானிக்கிறது. திருவிழாவில் அட்டை மகிழுந்தின் பின்னே சிரித்தவரின் படமும் இவ்வளவுகோலால் மெய்யானதே.

இன்று படக்கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. வண்டி நிறையக் காய்கறி ஏற்றித் தள்ளிச் செல்பவரை, மிதிவண்டியில் குடங்களைக் கட்டிச் செல்பவரை, ஒரு நொடியில் படமெடுத்து மறுநொடியில் உலகுக்கு அனுப்பிவிட முடிகிறது. “உழைப்பின் உருவம்” என்றோ “வறுமையின் கோலம்” என்றோ ஒரு வரியைச் சேர்ப்பதும் எளிது. அவரிடம், “படம் எடுத்துக்கொள்ளட்டுமா? உங்கள் பெயர் என்ன?” என்று கேட்பதற்கோ சற்று நேரம் ஆகும். கேட்டால், அவர் மறுக்கலாம். அது அவர் உரிமை. இசைந்தால், தலையைக் கோதிக்கொள்ளலாம். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்யலாம். வண்டியின் நல்ல பக்கம் தெரியும்படி அதைச் சற்றுத் திருப்பி நிறுத்தலாம். அந்தச் சிறு திருப்பத்தில்தான் உருவப்படம் தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

இரவல் – திருப்பித் தருவதாகப் பெறும் பொருள்
பின்திரை – படம் எடுக்கும்போது பின்புறம் தொங்கவிடும் துணி
படக்குறிப்பு – படத்தின் கீழ் எழுதப்படும் விளக்கம்
பெருமந்தம் – தொழிலும் வணிகமும் நெடுங்காலம் முடங்கிய நிலை

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வண்டியுடன் எடுத்த பழைய படம் ஒன்றைத் தேடுக. அதில் இருப்பவரிடமோ அவரை அறிந்தவரிடமோ கேட்டு, அப்படத்தின் கதையை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. வண்டியைக்கொண்டு தொழில் செய்பவர் ஒருவரின் இசைவைப் பெற்றுப் படம் எடுக்க. படக்குறிப்பை அவர் சொல்லச் சொல்ல எழுதி, வகுப்பில் காட்சிப்படுத்துக.

மதிப்பீட்டு வினாக்கள்

குறுவினா
1. கெய்த்தா தம் படங்களின் காலத்தை எதைக்கொண்டு கணித்தார்?
2. ஹஜ்ஜாஜ் தம் படத்தொகுதியை உருவாக்கத் தூண்டுகோலாக அமைந்த நிகழ்வு யாது?

சிறுவினா
1. “முதற்கதையில் அத்தாய் முடிவில் நிற்கிறார், இரண்டாம் கதையில் வழியில் நிற்கிறார்” – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. கெய்த்தாவின் நிலையத்துக்கும் சிடிபேயின் நிலையத்துக்கும் இடையே வண்டிகள் தொடர்பாகக் காணப்பட்ட வேறுபாட்டை எழுதுக.

நெடுவினா
1. “உருவப்படம் உடைமைப் பதிவேடு அன்று” – இக்கூற்றைப் பாடத்தில் இடம்பெறும் சான்றுகளுடன் ஆராய்க.